ஸர் ஜேம்ஸ் பாஜெட்

இங்கிலாந்தின் கீழ்க்கரையிலுள்ள கிரேட் யார்மத் என்னும் துறைமுகப் பட்டணத்தில், 1814-ம் வருஷம் ஜனவரி மாதம் 11-ந் தேதி ஜேம்ஸ் பாஜெட் பிறந்தார். தந்தையார் பீர் வடிக்கும் தொழிலும் கப்பல்களும் உடையவராய்ச் செல்வத்துடன் வாழ்ந்து, பின்னர்க் கடனில் மூழ்கினார். அக்கடனைப் புதல்வர்கள் நெடுங்காலம் உழைத்துத் தீர்த்தனர் என்பதை நாம் சொல்லாமல் விடுவதற்கில்லை.

உள்ளூர் வைத்தியரொருவரிடம் தொழில் பயின்ற பாஜெட், 1834-ல் லண்டன் ஸெயின்ட் பார்த்தலோமியு வைத்தியசாலையில் மாணவராய்ச் சேர்ந்தார். மறுவருஷம் பிரேதமொன்றின் தசையில் சிறு வெண்புள்ளிகளைக் கண்டார். பிறரும் அவற்றைக் கண்டதுண்டு. எலும்புத் துணுக்கென்று விட்டுவிட்டனர். பாஜெட் பிரிட்டிஷ் மியூஸியத்திற்குச் சென்று, தாவர சாஸ்திரி ராபர்ட் பிரௌனிடம் பூதக்கண்ணாடியை இரவல் வாங்கிப் பார்த்தார். புள்ளிக்குள்ளே புழுவொன்று சுருண்டு கிடந்தது! கண்டதைக் காணாததுபோல் விடாத இக்குணம் அவரைக் கடைசிவரை நீங்கவில்லை.

ரண வைத்தியராயும் ஆசிரியராயும் புகழ்பெற்று, 1858-ல் விக்டோரியா மகாராணியாரின் வைத்தியருள் ஒருவரானார். 1871-ல் பாரனெட் பட்டமும் பெற்றார். அவ்வருஷமே பிரேத பரிசோதனையொன்றிற் பற்றிய விஷத்தால் உயிர்போகும் நிலையடைந்து மீண்டார். அங்ஙனம் மீண்டதனாலன்றோ, 1874-ல் அவர் பெயரை நிலைநிறுத்திய சிறு கட்டுரை நமக்குக் கிடைத்தது.

சுமார் 15 ஸ்திரீகளின் வரலாறு அது. முலைக்காம்பிலும் அதைச் சூழ்ந்த கருவட்டத்திலும் சிவந்து கசியும் புண், களிம்புகளுக்கு அடங்காதது. பார்ப்போர் கரப்பான் என்றே எண்ணுவர். ஆயினும் இரண்டு வருஷத்திற்குள் அவர்கள் அனைவருக்கும் மார்பில் புற்று கண்டது. அதுவும் புண்ணிலன்று, அடியிலுள்ள சுரப்பியில். புண்ணே சுரப்பியைக் கெடுப்பதாகப் பாஜெட் கருதினார். பிற்காலத்தார் கண்டதோ நேர்மாறு: பெரும்பாலும் புற்று பால்நாளங்களில் முளைக்க, அதன் அணுக்களே தோலுக்கு ஏறி வருகின்றன. அவ்வணுக்களை 1889-ல் பாரிஸிலிருந்த டாரியே என்னும் பேரறிஞர் ஒட்டுயிர்களென மயங்கினார் என்றால், பிறரைச் சொல்வானேன்?

இன்று அவற்றிற்குப் பாஜெட் அணுக்கள் என்றே பெயர். மார்பகப் புற்றில் இவ்வகை நூற்றுக்கு 1 முதல் 3 வரையே. புண்ணைச் சற்றே சுரண்டிக் கண்ணாடித் தகட்டிற் பூசிச் சாயமேற்றினால், அகன்று வெளிறிய உடலும் பெரிய உட்கருவும் கொண்ட அவ்வணுக்கள் தனித்தும் கூட்டமாயும் புலப்படும். கரப்பானில் அவை காணப்படா. சுரண்டலில் அகப்படவில்லையென்று நோயில்லையெனத் துணிதலும் கூடாது. தோலைச் சிறிது வெட்டியெடுத்துச் சோதித்தே தீரவேண்டும். நாணத்தால் மறைத்துக் களிம்பு பூசியே மாதங்களைக் கழிக்கும் தாய்மாருக்கு இதை யார் சொல்வது? நம்மிடையே வைத்தியம் பயிலச் செல்வோர் நினைவிற்கொள்வாராக.

அவர் புதல்வர் ஸ்டீபன் பாஜெட், மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் விவரங்களை ஆராய்ந்து, புற்றணு விதையென்றும் அது படியும் உறுப்பு நிலமென்றும் 1889-ல் விளக்கினார். தந்தையார் 1899-ம் வருஷம் டிசம்பர் மாதம் 30-ந் தேதி லண்டனில் காலமானார்.