தேக்குத் தோட்டங் கண்ட சாத்து மேனோன்

மரவாடி நடத்துவோர்க்குக் கைத்திறனும் வாளும் இருந்தும், அறுக்க மரம் கிட்டாதாயின் தொழில் நில்லாது. இவ்வுண்மையைச் செயலிற் காட்டிய பெருந்தகை சாத்து மேனோன் ஆவார்.

மலையாள நாட்டுத் தேக்கு பம்பாய்க் கப்பல் துறைக்குப் பெரிதும் சென்றது. 1823-இல் கும்பினியாரின் மரத் தனியுரிமை நீங்கியபின் வணிகர் தடையின்றி வெட்டினர்; நடுவார் இலர். 1840-இல் மலபார்க் கலெக்டரான கனோலி துரை, நிலம்பூரில் தேக்குப் பயிரிடத் துணிந்தார். தேக்குவிதையின் ஓடு கடினமானதாதலின் முதல் முயற்சிகள் பொய்த்தன. 1844-இல் இப்பணியை ஏற்ற மேனோன், விதையை ஊறவைத்துப் பாத்தியில் முளைப்பித்து, நாற்றாக்கி நட்டு வெற்றி கண்டார். 1855-இல் கனோலி கொலையுண்டார். மேனோன் தளராது 1862 வரை உழைத்துப் பத்து இலக்கத்துக்கு மேற்பட்ட மரங்களை வளர்த்தார்.

தேக்கு முதிர அறுபது ஆண்டேனும் வேண்டும். நட்டவர் பயன் நுகரார்; எனினும், பின்னாளில் நிலம்பூர்த் தேக்கு சாலியாற்றில் மிதந்து கல்லாயி சேர்ந்து, அங்குள்ள அறுவைப் பட்டறைகளுக்கு வாழ்வளித்தது.

நம் பூலாம்பாடிக்கு அண்மையிலுள்ள அரும்பாவூர் மரச்சிற்பம் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. பெருமை பெரிதே, ஆயினும் கடன்பட்டுத் தொலைவிலிருந்து மரம் வாங்குவோர்க்கு வண்டிக்கூலியும் வட்டியும் அறுவைக் கழிவும் போக எஞ்சுவது சிறிது. தேக்குக்குக் காத்திருக்க இயலாதார், விரைந்து வளரும் வாகையை வரப்போரம் நடலாம். அன்பர்காள், அறுக்குங் கை நடுங் கையுமாகுக!