முன்சீப் வேதநாயகம் பிள்ளை

மறைக்கல்வி வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் நாம் ஒப்புவிக்கிறோம். உலோபம், காய்மகாரம் என்ற இரண்டும் வரும்போது, அவை பழங்காலத்தார் செய்த பாவங்கள் என்பதுபோல் அடுத்ததற்குத் தாவிவிடுகிறோம். பொருளின்மேல் தீராத ஆசை உலோபம். பிறர் நன்றாயிருப்பதைக் கண்டு மனம் வேகுவது காய்மகாரம். நம் வல்லக்கோட்டைப் பக்கம் இவ்விரண்டுக்கும் இப்போது நல்ல விளைச்சல் உண்டு. ஒரகடத்தில் தொழிற்சாலைகள் வந்தபின் ஒருவர் காணி பொன்னாய் விலைபோயிற்று. வரப்புக்கு அந்தப்புறம் உள்ளவர் காணி அப்படியே கிடக்கிறது. ஒரு வீட்டு வாசலில் கம்பெனி பஸ் நிற்கிறது, எதிர்வீட்டில் நிற்பதில்லை. பங்காளிச் சண்டைகள் இப்படித்தான் பிறக்கின்றன. அத்தகைய சண்டைகளையே நாள்தோறும் விசாரித்தும், தம் கையையும் மனத்தையும் காத்துக்கொண்ட கத்தோலிக்கர் ஒருவரைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826 அக்டோபர் 11 அன்று திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளையின் மகனாய்ப் பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1857-ல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பின்னர் மாயூரத்தில், அதாவது இன்றைய மயிலாடுதுறையில், நெடுங்காலம் அப்பதவி வகித்தார். தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) எழுதியவர் என்றே பாடநூல்கள் அவரைச் சொல்கின்றன. நமக்கோ நாவலாசிரியரைவிட முன்சீபிடமே மதிப்பு அதிகம்.

முன்சீப் கோர்ட்டு சிவில் வழக்குகளின் முதற்படி. கடன் பத்திரம், நில எல்லை, அண்ணன் தம்பி பாகம் எல்லாம் அங்கேதான் வரும். பழத்தட்டோடு அதிகாரியின் வாசலில் நிற்பது அந்நாளில் புதுமையன்று. பழத்துக்கு அடியில் என்ன இருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அதற்குக் கைக்கூலி என்று பெயர். 1859-ல் வெளிவந்த தம் 'நீதிநூ'லில் வேதநாயகம் பிள்ளை கைக்கூலியைக் கடுமையாகக் கண்டித்துப் பாடினார். ஊருக்கு உபதேசம் யாரும் செய்யலாம். அவரோ முன்சீப் நாற்காலியில் இருந்துகொண்டு, தம்மைப் போன்ற அதிகாரிகளை நோக்கிப் பாடினார். ஒரு முறை அவர் கை நீண்டிருந்தால், மாயூரத்துத் திண்ணைகள் அந்த நூலைச் சிரித்தே கொன்றிருக்கும். பிறர் உடைமைமேல் ஆசைகொள்ளலாகாது என்ற பத்தாம் கட்டளையை அவர் தம் உத்தியோகத்திலேயே அனுசரித்தார் என்பதற்கு அந்தத் துணிவே சாட்சி.

காய்மகாரம் அதைவிடச் சூட்சுமமானது. கைக்கூலியை வேண்டாம் என்று தள்ளிவிடலாம். பக்கத்திலிருப்பவர் நம்மைவிடக் கெட்டிக்காரராயிருந்தால் எங்கே தள்ளுவது? மாயூரத்தில் அவருக்கு அப்படியொருவர் வாய்த்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, சைவர். அந்தக் காலத் தமிழ்ப் புலவர்களில் தலைசிறந்தவர். தாமும் கவி பாடுகிற ஒருவருக்கு இது எளிய சோதனையன்று. வேதநாயகம் பிள்ளை அவருக்கு உற்ற நண்பரானார். மகாவித்துவான் அவர்மேல் 'குளத்துக் கோவை' பாடினார். கத்தோலிக்க முன்சீபோ திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகரைப் புகழ்ந்து பாடினார். இதனால் அவருடைய விசுவாசம் தளர்ந்ததா? 'தேவமாதா அந்தாதி'யும் 'திருவருள் அந்தாதி'யும் பாடியவர் அவரே. பக்தியின் பெயரால் பிறர் சிறப்பைக் குறைத்துப் பேசுவோர் நம்மிடையிலும் உண்டு. அவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

மாணவிகளாகிய நாம் அவருக்குத் தனியே கடன்பட்டவர்கள். 'பெண்மதி மாலை', 'பெண் கல்வி' ஆகியவற்றை எழுதி, பெண்களைப் படிக்க வைக்க வேண்டும் என்று வாதாடினார். பெண் படித்தால் ஆணின் பெருமை குறையும் என்ற நினைப்பும் ஒருவகைக் காய்மகாரமே அல்லவா?

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. வேதநாயகம் பிள்ளை அப்போது உத்தியோகத்திலிருந்து விலகியிருந்தார். விலைவாசி ஏற ஏற, உள்ளதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளத்தான் யாருக்கும் தோன்றும். அவரோ தம் கைப்பொருளைப் பட்டினி கிடந்தவர்களுக்குச் செலவிட்டார். 'நந்தனார் சரித்திரம்' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கொடையைப் போற்றி ஒரு கீர்த்தனை இயற்றினார். தில்லை நடராசரைப் பாடிய வாய், அண்டை வீட்டுக் கிறிஸ்தவரையும் பாடிற்று.

பஞ்சம் நீங்கியபின் 'சுகுணசுந்தரி' என்ற இரண்டாம் நாவலையும் எழுதி, 1889 ஜூலை 21 அன்று வேதநாயகம் பிள்ளை இறைவனடி சேர்ந்தார்.