எழுந்து நின்ற வாலிபன்



இந்த மாதம் ஒரு குத்துச்சண்டை வீரரின் ஜீவியத்தை உங்கள் முன் வைக்கிறேன். குத்துச்சண்டைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். கீழே விழுந்த ஒருவன் எழுந்து நின்றுவிட்டால், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நாம் எல்லாரும் நினைத்துவிடுகிறோம். அது எவ்வளவு ஆபத்தான எண்ணம் என்று இந்த வாலிபனின் கதை சொல்லுகிறது.

வறுமையில் வளர்ந்த பிள்ளை

அவன் பெயர் கிம் டுக் கூ. தென் கொரியா தேசத்தில் காங்வான் மாகாணத்தில் பிறந்தவன். ஐந்து பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. இரண்டு வயதிலேயே தகப்பனை இழந்தான். தாய் மறுமணம் செய்தும் குடும்பத்தின் தரித்திரம் தீரவில்லை. பிள்ளை ஷூ பாலிஷ் போட்டான். ஊர் பார்க்க வந்தவர்களுக்கு வழி காட்டினான். கிடைத்த வேலையெல்லாம் செய்தான்.

1976-ல் குத்துச்சண்டை பழக ஆரம்பித்தான். 1978-ல் அதையே தொழிலாக எடுத்துக்கொண்டான். 1982 பிப்ரவரியில் கிழக்காசியப் பட்டத்தை வென்றான். சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்ட பையன், உலகப் பட்டத்துக்குப் போட்டியிடும் தகுதியைப் பெற்றுவிட்டான்! ஊரில் அவனுக்கென்று நிச்சயிக்கப்பட்ட பெண் இருந்தாள். அவள் வயிற்றில் அவன் பிள்ளையும் இருந்தது.

லாஸ் வேகாஸில்

1982 நவம்பர் 13. அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் பட்டணம். சீசர்ஸ் பேலஸ் ஹோட்டலின் திறந்தவெளி மேடை. எதிரே நின்றவர் உலக சாம்பியன் ரே மான்சினி. 21 வயது வாலிபர், கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய தகப்பனாரும் குத்துச்சண்டை வீரர்தான். இரண்டாம் உலக யுத்தத்தில் காயப்பட்டதால் பட்டத்துக்குப் போட்டியிடும் வாய்ப்பை இழந்தவர். தகப்பனுக்குக் கிடைக்காததை மகன் ஜெயித்துக் காட்டியிருந்தார்.

போட்டிக்கு எடை வரம்பு 135 பவுண்டு, அதாவது சுமார் 61 கிலோ. அந்த எடைக்கு இறங்க கிம் கடைசி நாட்களில் மிகவும் பிரயாசப்பட்டார். ஹோட்டல் அறையில் விளக்கின் மூடியிலே, வாழ்வு அல்லது சாவு என்ற அர்த்தத்தில் தன் பாஷையில் எழுதி வைத்திருந்தார். தோற்றுவிட்டுத் திரும்புவது என்ற பேச்சுக்கே அவர் மனதில் இடமில்லை.

சண்டை ஆரம்பித்தது. இரண்டு பேரும் பின்வாங்கவில்லை. மான்சினியின் காது கிழிந்தது, கண் வீங்கியது, இடது கை வீங்கிப்போனது. ஆனால் ரவுண்டுகள் போகப் போக மான்சினியின் கை ஓங்கியது. 11-ஆம் ரவுண்டில் கிம்மின் முழங்கால்கள் தள்ளாடின. 13-ஆம் ரவுண்டின் ஆரம்பத்தில் மான்சினி ஏறக்குறைய 40 குத்துகளை விடாமல் போட்டார். கிம் விழவில்லை. அதே ரவுண்டில் திருப்பியும் அடித்தார்! பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். இனி போதும் என்று அவரை நிறுத்த யாரும் முன்வரவில்லை.

19 விநாடி

14-ஆம் ரவுண்டு மணி அடித்தது. மான்சினி பாய்ந்து வந்து வலது கையால் ஒரு குத்து விட்டார். கிம் பின்னால் சாய்ந்தார். இன்னொரு வலது கைக் குத்து விழுந்தது. கிம் கயிற்றுப் பக்கமாகத் தூக்கி எறியப்பட்டது போல விழுந்தார். தலை தரையில் மோதியது.

அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். அந்த வாலிபன் கயிற்றைப் பிடித்து எழுந்து நின்றான்! கால்கள் தள்ளாட, நின்றான். நடுவர் ரிச்சர்ட் கிரீன் அவன் நிலையைப் பார்த்துச் சண்டையை நிறுத்தினார். ரவுண்டு ஆரம்பித்து அப்போது 19 விநாடிதான் ஆகியிருந்தது. சில நிமிடங்களுக்குள் கிம் சுயநினைவு இழந்து விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

உள்ளே நடந்தது என்ன?

வெளியே பெரிய காயம் எதுவும் தெரியவில்லை. மண்டைக்குள்தான் எல்லாம் நடந்தது. பலமான அடி விழும்போது மண்டை ஓட்டுக்குள் மூளை அசைந்து குலுங்குகிறது. மூளைக்கும் அதின் மேலுறைக்கும் நடுவே பாலம் போலப் போகிற மெல்லிய ரத்தக் குழாய்கள் அறுந்துபோகின்றன. ரத்தம் கசிந்து தேங்குகிறது. எலும்புக்கூடு விரிந்து கொடுக்காதே! ஆகவே தேங்கிய ரத்தம் மூளையை நசுக்குகிறது. இதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம், சில நேரம் மணிக்கணக்கும் ஆகலாம். அதனால்தான் மனுஷன் எழுந்து நிற்கிறான், பேசுகிறான், பிறகு சாய்கிறான்.

கிம்மின் மண்டைக்குள் சுமார் 100 மில்லி ரத்தம் தேங்கியிருந்தது. அன்றிரவே ஆபரேஷன் செய்தார்கள். ஒரே ஒரு பலத்த குத்துதான் இதற்குக் காரணமாயிருக்கும் என்று அறுவை செய்த மருத்துவர் கருதினார். அப்படியானால் அது கடைசியில் விழுந்த அடிதானே? முந்தின ரவுண்டோடு நிறுத்தியிருந்தால் என்று நினைக்கும்போது என் நெஞ்சு பதறுகிறது. களைத்துப்போன சரீரம், தளர்ந்துபோன கழுத்து, தற்காத்துக்கொள்ளத் தூக்க முடியாத கை. அந்த நிலையில் வாங்குகிற அடி முதல் ரவுண்டில் வாங்குகிற அடி போல் இராது.

கொரியாவிலிருந்து தாய் பறந்து வந்தாள். மகன் கண் திறக்கவில்லை. சில நாட்கள் கழித்து கிம் மரித்தார்.

விழுந்தது ஒருவர் மட்டுமல்ல

சில மாதங்களில் அந்தத் தாய் துக்கம் தாங்காமல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். 1983 ஜூலையில் நடுவர் ரிச்சர்ட் கிரீனும் அப்படியே மரித்தார். அவர் மனதில் என்ன இருந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல யாராலும் முடியாது. மான்சினி கொரியாவுக்குப் போய் அடக்க ஆராதனையில் கலந்துகொண்டார். அதற்குப் பிறகு மனச்சோர்வில் வெகுவாய்ப் பாடுபட்டார்.

வாலிபர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, அப்படியானால் மான்சினி கொலைகாரனா என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். இல்லை தம்பி, சட்டத்துக்கு உட்பட்டுத்தான் அவர் சண்டை போட்டார் என்றேன். ஆனால் அந்தச் சட்டமே சரியில்லை என்பதை ஒரு வாலிபனின் மரணம் காட்டிவிட்டது.

அதுவரை உலகப் பட்டப் போட்டி 15 ரவுண்டுகள். கிம் மரித்தபின், உலக குத்துச்சண்டை கவுன்சில் அதை 12 ரவுண்டாகக் குறைத்தது. மற்ற பெரிய சங்கங்களும் 1980-களின் முடிவுக்குள் குறைத்தன. போட்டிக்கு முன் செய்கிற மருத்துவப் பரிசோதனைகளும் கடுமையாக்கப்பட்டன. இன்றைக்கு உலகப் பட்டத்துக்கு நிற்கிற எந்த வீரனும் 14-ஆம் ரவுண்டைக் காண்பதில்லை.

தகப்பன் முகம் காணாத அந்தப் பிள்ளை 1983-ல் பிறந்தது. வளர்ந்து பல் வைத்தியம் படித்தான். 2011-ல் அவனும் அவன் தாயும் அமெரிக்கா போய் மான்சினியின் வீட்டிலேயே அவரைச் சந்தித்தார்கள். ஒரு காலத்தில் உமது மேல் கசப்பு இருந்தது, ஆனால் இது உம்முடைய குற்றம் அல்ல என்று அந்த மகன் சொன்னான். ஏறக்குறைய 29 வருஷம் சுமந்த பாரம்! அதை இறக்கி வைக்க அந்த மகன் கடல் கடந்து வந்தான் பாருங்கள்.

பிரியமானவர்களே, கிம்முக்குத் தைரியம் குறைவுபடவில்லை. போதும் மகனே, உட்கார் என்று சொல்ல ஆள்தான் இல்லாமல் போயிற்று. நம் வீட்டிலும் விழுந்தும் விழுந்தும் எழுந்து நிற்கிறவர்கள் உண்டு. நின்றுகொண்டிருக்கிறார்களே என்று விட்டுவிடாதீர்கள். கிட்டப் போய் விசாரியுங்கள். யாராவது வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால், எனக்கு ஒன்றுமில்லை என்று அவர்களே சொன்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அன்றிரவு அவர்களைத் தனியே விடாதீர்கள்.