கைப்பிடிக்கு விடைகொடுத்த மேதை சாள்ஸ் கெற்றறிங்

மொன்றியல் மாநகரில் வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே 25 பாகையைக் காட்டும் தை மாதத்துக் காலைப்பொழுதில், காரின் சாவியைத் திருப்பும் தந்தையார் ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொள்வதை மாணவச் செல்வங்களாகிய நீங்கள் கண்டிருப்பீர்கள். எஞ்சின் முனகும், தயங்கும், பின்னர் உயிர்பெறும். அந்தச் சில நொடிகளில் முழுச் சுமையையும் தாங்குவது எஞ்சினோடு ஒட்டியிருக்கும் ஒரு சிறிய மின்மோட்டார். அதனையே ஸ்ராட்டர் என்கிறோம். அதனை மோட்டார் வாகனத்துக்கு ஏற்றதாக ஆக்கித் தந்த பெருமை சாள்ஸ் கெற்றறிங் என்னும் அமெரிக்க அறிஞரைச் சாரும்.

அவருக்கு முன்னர் எஞ்சினைக் கையாற் சுழற்றியே இயக்கினர். வாகனத்தின் முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகி, உடல் வலிமை முழுவதையும் செலுத்திச் சுற்றவேண்டும். இதனை உங்கள் பெற்றோருக்கு விளக்க வேண்டியதில்லை. 1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காமையால், மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஓஸ்ரின், மொறிஸ் கார்களைக் கைப்பிடி சுழற்றியும் தள்ளியும் இயக்கிய காட்சியை அவர்களிற் பலர் அறிவர். பெருவிரலை மற்றைய விரல்களோடு ஒரே பக்கமாக வைத்தே கைப்பிடியைப் பற்றவேண்டும் என்பது அக்காலச் சாரதிகள் கற்ற முதற் பாடம். எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் கைப்பிடி திருப்பி அடிக்கும். பெருவிரலோ மணிக்கட்டோ முறிந்துவிடும்.

கெற்றறிங் 1876 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 29 ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், லவுடன்வில் என்னும் ஊரின் அருகே ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தார். அறிவுக்கூர்மை மிகுந்த அச்சிறுவனுக்குக் கண்பார்வை மட்டும் துணைசெய்யவில்லை. நெடுநேரம் படித்தால் தாங்கொணாத தலைவலி வரும். பள்ளிப் படிப்பை முடித்ததும் கிராமப் பாடசாலையொன்றில் ஆசிரியரானார். பின்னர் பல்கலைக்கழகம் புகுந்தபோது கண்நோய் மிகுந்து படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்தது. அவர் சோர்ந்து வீட்டில் அமரவில்லை. தொலைபேசிக் கம்பம் நடும் தொழிலாளரோடு சேர்ந்து குழி தோண்டினார், கம்பி இழுத்தார். மின்சாரத்தை அவர் கையாற் கற்றது அங்கேதான். மீண்டும் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியபோது உடன் பயின்ற நண்பர்கள் பாடங்களை வாய்விட்டுப் படிக்க, அவர் செவியாற் கேட்டுக் கற்றார். 1904 ஆம் ஆண்டு, தமது 28 ஆவது வயதை அண்மிய வேளையில், மின்பொறியியற் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றதும் டேற்றன் நகரில் கடைகளுக்கான காசுப் பதிவுப் பொறிகளைச் செய்யும் நிறுவனமொன்றில் வேலை கிடைத்தது. அக்காலத்தில் அப்பொறியைக் கையாற் சுற்றியே இயக்கினர். அதனை மின்சாரத்தால் இயக்கும் பணி கெற்றறிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. பொறியின் வேலையை அவர் கூர்ந்து நோக்கினார். அது நாள் முழுவதும் ஓடுவதில்லை. ஒரு நொடி வேகமாக இயங்கி ஓய்ந்துவிடுகிறது. எனவே பெரிய மோட்டார் வேண்டியதில்லை என்று கண்டார்.

1909 ஆம் ஆண்டு அந்நிறுவனத்தை விட்டு நீங்கி, நண்பர் எட்வேட் டீட்ஸ் என்பவரோடு சேர்ந்து டெல்கோ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். டீட்ஸ் வீட்டின் பின்புறத்திலிருந்த களஞ்சியக் கொட்டிலே அவர்களுடைய ஆய்வுகூடமாயிற்று. அவ்வேளையில் டெற்றோயிற் நகரில் கடிலாக் கார்களைச் செய்துவந்த ஹென்றி லீலண்ட் பெருந்துயரத்தில் இருந்தார். அவருடைய நண்பர் பைரன் காட்டர், வழியில் நின்றுபோன காரொன்றை இயக்கி உதவ முற்பட்டபோது கைப்பிடி திருப்பி அடித்துக் காயமடைந்தார் என்றும், அதன் பின்விளைவாக 1908 இல் உயிர் நீத்தார் என்றும் மோட்டார் உலகில் ஒரு வரலாறு நெடுங்காலமாக வழங்கிவருகின்றது. தம் கார்களுக்கு இனிக் கைப்பிடி வேண்டாம் என்று முடிவுசெய்த லீலண்ட் கெற்றறிங்கின் உதவியை நாடினார்.

அழுத்தக் காற்று, சுருள்வில், மின்சாரம் எனப் பலவற்றால் எஞ்சினை இயக்க ஏற்கெனவே பலர் முயன்றிருந்தனர். மின்மோட்டார் ஆகாது என்பதே அறிஞர் பலரின் கருத்து. எஞ்சினைச் சுழற்றவல்ல மோட்டார் ஏறத்தாழ எஞ்சின் அளவுக்கே பெரிதாக இருக்கும் என்று அவர்கள் கணக்கிட்டனர். கணக்கிற் பிழையில்லை; ஆனால் அது நாள் முழுவதும் ஓடும் மோட்டாருக்குரிய கணக்கு. காசுப் பதிவுப் பொறியிற் கற்ற பாடம் கெற்றறிங்குக்குக் கைகொடுத்தது. மோட்டாரின் வலிமைக்கு எல்லையிடுவது பெரும்பாலும் வெப்பமே. கம்பிச் சுருளில் ஓடும் மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். வெப்பம் மிகுந்தால் கம்பியைப் போர்த்திய காப்பு கருகும். ஆயினும் வெப்பம் ஏறுவதற்குக் காலம் வேண்டும். சில நொடிகளில் வேலை முடிந்து மோட்டார் ஓய்வெடுக்குமாயின், சிறிய மோட்டாரும் தன் அளவுக்கு மீறிய சுமையைத் தாங்கும். பற்சக்கரங்கள் அதன் விசையைப் பெருக்கித் தரும்.

1911 ஆம் ஆண்டு அவருடைய கருவி லீலண்டின் முன்னிலையில் எஞ்சினை இயக்கிக் காட்டியது. 1912 ஆம் ஆண்டுக்குரிய கடிலாக் கார்கள் அதனுடன் வெளிவந்தன. எஞ்சினை இயக்கும்போது மோட்டாராகவும், ஓடும்போது பற்றரிக்கு மின்னூட்டும் பிறப்பாக்கியாகவும் அதே கருவி பணிசெய்தது. 1915 இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. உடல் வலிமை மிக்கவருக்கே உரியதாயிருந்த கார், பெண்களுக்கும் முதியவர்களுக்கும் எளிதிற் கைவந்தது.

அவர் கண்ட நெறியே இன்றும் ஸ்ராட்டரைத் தெரிவுசெய்வோருக்கும் பேணுவோருக்கும் வழிகாட்டுகிறது. எஞ்சினின் பருமனுக்கும் அமுக்கத்துக்கும் ஏற்ற ஸ்ராட்டரையே பொருத்தல் வேண்டும். டீசல் எஞ்சினுக்கு அதிக வலிமை தேவை. உள்ளே பற்சக்கரக் குறைப்பு உள்ளவை பாரம் குறைந்தவை. குறைந்த மின்னோட்டத்திலேயே நிறைந்த விசை தருபவை. பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையில் பற்றரியின் வலிமை ஏறத்தாழப் பாதியாகிவிடும், எண்ணெயும் கெட்டியாகும். அவ்வேளையில் இந்த வேறுபாடு நன்கு தெரியும். எஞ்சின் இயங்க மறுத்தாற் சாவியைப் 10 நொடிக்கு மேல் திருப்பிப் பிடியாது, ஓரிரு நிமிடம் ஆறவிட்டு மீண்டும் முயலுதல் நன்று. வெளியே உறைபனி என்பதற்காக உள்ளே சுருள் கருகாமலிராது. புகைபோக்கிக் குழாய் ஸ்ராட்டருக்கு அருகிற் செல்லும் வாகனங்களில் இடையே உலோகத் தகட்டு மறைப்பு இருக்கும். பழுதுபார்க்கும்போது கழற்றிய அத்தகட்டை மீண்டும் பூட்ட மறக்கலாகாது. செப்புக் கம்பி 100 பாகை கூடுதலாகச் சூடேறினால் அதன் தடை ஏறத்தாழ 40 வீதம் உயரும். அப்போது ஸ்ராட்டர் வலிமை குன்றும். வீதியில் தூவும் உப்பினால் அரிப்புண்ட இணைப்புகளும் அதே தீங்கைச் செய்யும்.

கெற்றறிங்கின் கருவி எஞ்சினை இயக்கிய அதே 1911 இல் மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் தமது மோட்டார் நிறுவனத்தை நிறுவினார். அரை நூற்றாண்டு கழித்து, 1961 இல், அக்குழுமத்திலிருந்து தோன்றிய லூக்காஸ் டி.வி.எஸ். நிறுவனம் சென்னையை அடுத்த பாடியில் ஸ்ராட்டர் முதலிய மின்கருவிகளைச் செய்யத் தொடங்கியது. ஒகையோவின் கொட்டிலில் உருவான கருவி இவ்வாறு தமிழ்த் தொழிலாளரின் கைவண்ணமும் ஆயிற்று.

கெற்றறிங் 1920 முதல் 1947 வரை ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அவருடைய வாழ்வில் ஒரு கருநிழலும் உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. எஞ்சினின் தட்டொலியை அடக்க, அவருடைய உதவியாளர் தோமஸ் மிட்ஜிலி 1921 இல் ஈயச் சேர்மமொன்றைக் கண்டறிந்தார். கெற்றறிங் அதனைப் பெற்றோலிற் கலந்து விற்பதற்கு முன்னின்றார். ஈயம் நஞ்சென்பது அறியாத செய்தியன்று. 1924 இல் அதனைத் தயாரித்த தொழிலாளர் சிலர் உயிரிழந்தபோதும் விற்பனை கைவிடப்படவில்லை. கனடாவில் 1990 இல்தான் ஈயப் பெற்றோல் கார்களுக்குத் தடைசெய்யப்பட்டது. உலகில் 2021 இல் அல்ஜீரியாவில் இறுதியாக நின்றது. அதற்கிடையிற் பல தலைமுறைக் குழந்தைகள் அப்புகையைச் சுவாசித்தனர். ஒரு மோட்டார் எத்தனை நொடி சுமை தாங்கும் என்று நுட்பமாகக் கணித்தவர், சிறிது சிறிதாக உடலிற் சேரும் நஞ்சு எத்தனை ஆண்டு தங்கும் என்பதைக் கணிக்கத் தவறினார்.

1945 இல் நியூயோர்க் நகரில் புற்றுநோய் ஆராய்ச்சிக்காகத் தோற்றுவிக்கப்பட்ட நிறுவனம் ஸ்லோன், கெற்றறிங் இருவரின் பெயரையும் தாங்கி நின்றது. மறு ஆண்டிலேயே அவருடைய அன்பு மனைவி ஒலிவ் புற்றுநோயால் மறைந்தார். 1958 ஆம் ஆண்டு நவம்பர் 25 ஆம் நாள், 82 ஆவது வயதில், கெற்றறிங் தமது இல்லத்திற் காலமானார்.

மாணவச் செல்வங்களே! கண் துணைசெய்யாதபோது செவியாற் கற்ற அவரது ஊக்கத்தை உங்களுடையதாக்குங்கள். ஒரு செயலின் பயனைக் கணக்கிடும்போது அதன் சுமையை யார், எவ்வளவு காலம் தாங்கப்போகின்றனர் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அடுத்த குளிர்காலக் காலையில் தந்தையாரோ தாயாரோ பொறுமையிழந்து சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தால், ஓரிரு நிமிடம் ஆறவிடுமாறு அன்போடு நினைவூட்டுங்கள்.