தான் ஓட்டிய காரையே திரும்பக் கேட்டு லெட்டர் போட்ட ஹீரோ!

வில்லியனூர் பைபாஸில் போகும்போது, எப்பவோ வித்துட்ட உங்க அப்பாவோட பழைய பைக் எதிரே வந்தா மனசு ஒரு நொடி அப்படியே நிக்கும்ல? ஹாலிவுட்டின் சூப்பர் ஸ்டாருக்கும் அந்த ஏக்கம் இருந்தது. அவர் ஸ்டீவ் மெக்வீன்.

1930-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்தார். அப்பா சின்ன வயசிலேயே விட்டுட்டுப் போயிட்டார். சேட்டை தாங்காமல் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினாங்க. 17 வயதில் கடற்படைப் பிரிவில் சேர்ந்தார். அதன் பிறகுதான் நடிப்பு.

1968-ல் வந்த `புல்லிட்' படத்தில் பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங்கில் அவர் பறக்கும் சேஸிங் காட்சி, பத்து நிமிஷத்துக்கும் மேல ஓடும். கஷ்டமான ஸ்டன்ட்டுகளில் டூப் இருந்தாலும், பல ஷாட்களில் ஸ்டியரிங் பிடிச்சது அவரேதான்.

1970-ல் நிஜ ரேஸ். காலில் மாவுக்கட்டோடு அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் போட்டியில் இறங்கி, பீட்டர் ரெவ்சனோடு சேர்ந்து இரண்டாம் இடம்!

அடுத்து `லெ மான்ஸ்' படம். அஜித் துபாய் 24 மணி நேர ரேஸில் இறங்கினப்போ ஸ்டேட்டஸ் வெச்சவங்களா நீங்க? அந்த வகை ரேஸுக்கெல்லாம் தாத்தா, 1923-ல் பிரான்ஸில் தொடங்கிய லெ மான்ஸ். படத்தில் நொறுங்கும் போர்ஷே, ஃபெராரி எல்லாம் உண்மையில் மேல்பாடி மாற்றிய லோலா கார்கள். ஆனா, ஷூட்டிங்கில் விபத்து நிஜமாவே நடந்தது. டேவிட் பைப்பர் என்ற ரேஸர் ஒரு காலின் பகுதியை இழந்தார்.

சரி, அந்த மஸ்டாங்? படத்துக்கு வாங்கியது இரண்டு. ஸ்டன்ட் கார் 2017-ல் மெக்சிகோவில் துருப்பிடிச்ச கூடாகக் கிடைத்தது. மெக்வீன் ஓட்டிய இன்னொன்று கை மாறி, 1974-ல் ஒரு குடும்பத்திடம் 6,000 டாலருக்குப் போனது. அந்த வீட்டு டீச்சரம்மா தினமும் அதில்தான் ஸ்கூலுக்குப் போனாங்க!

1977-ல் அந்தக் காரைத் தனக்கே விற்கச் சொல்லி மெக்வீன் கடிதம் எழுதினார். அந்தக் குடும்பம் தரலை. 1980-ல் கிளட்ச் போய் கார் ஓரங்கட்டப்பட்டது. அதே வருடம் நவம்பரில், ஆஸ்பெஸ்டாஸ் தூசியோடு தொடர்புள்ள புற்றுநோயால் 50 வயதில் மெக்வீனும் போயிட்டார்.

2018-ல்தான் அந்தக் கார் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. 2020 ஏலத்தில் கட்டணங்களோடு 37.4 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 26 கோடி ரூபாய். அது அசல் கார்தான் எனச் சொல்ல சேஸிஸ் நம்பர் இருந்தது. கூடவே, அந்தக் குடும்பம் பத்திரமா வெச்சிருந்த மெக்வீனின் கடிதமும்!

உங்க தாத்தாவோட பழைய வண்டி கொட்டகையில் நிக்குதா? காயலான் கடைக்குப் போடுறதுக்கு முன்னாடி, ஆர்.சி புக்கையும் பழைய போட்டோக்களையும் ஒருமுறை தேடி எடுத்து வைங்க. வண்டியின் கதையைச் சொல்லப்போவது அதுதான்.