ஜே. ஆர். டி. டாட்டா

பெத்தானியாவில் ஒரு ஸ்திரீ விலையுயர்ந்த பரிமள தைலத்தை வார்த்தபொழுது, அதனை விற்று ஏழைகளுக்கு ஈந்திருக்கலாமே என முறுமுறுத்தோர் இருந்தனர். வறுமை மிக்க நம் நாட்டில் வாசனைத் திரவியமும் முகப்பூச்சும் செய்யப் புகுந்த ஒரு பெருந்தொழிலாளரை நோக்கியும் அவ்வினாவை எழுப்புதல் இயல்பே. அவர்தாம் ஜே. ஆர். டி. டாட்டா. அவ்வினாவை உளத்திற்கொண்டு அன்னாரது சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா 1904ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29ஆம் நாள் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். தந்தையார் பார்ஸி வகுப்பினர். தாயார் ஸூஸான் பிரெஞ்சு மாது. இளமையில் பிரெஞ்சுப் படையில் ஓராண்டு பணியாற்றிய இவர், 1925இல் டாட்டா நிறுவனத்தில் ஊதியமின்றித் தொழில் பயிலலானார். மறு ஆண்டே தந்தையார் காலமானார். 1929இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறந்து இந்நாட்டையே தமதாக்கிக்கொண்டார். இந்தியாவில் வழங்கப்பெற்ற முதல் விமானி உரிமமும் அவ்வாண்டே இவர் கைக்கு வந்தது. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் சுமந்த விமானத்தைத் தாமே செலுத்தினார். 1938இல் டாட்டா குழுமத்தின் தலைமை இவரை அடைந்தது.

நாடு விடுதலை பெற்ற காலை அந்நியச் செலாவணி அரிதாயிருந்தது. செல்வர் வீட்டு மாதர் வாங்கிய மேனாட்டு ஒப்பனைப் பொருள்களின் விலையோ கடல் கடந்து சென்றது. நேரு அவர்களின் விருப்பத்தையொட்டியே டாட்டா இத்துறையில் இறங்கினார் என்பர். 1952இல் டாட்டா எண்ணெய் ஆலையின் கிளையாக 'லாக்மே' தோன்றியது. இலக்குமி என்னும் நம் பெயரே பிரெஞ்சு நாவில் அவ்வாறு திரிந்தது. 1883இல் அரங்கேறிய ஓர் இசைநாடகத்தின் தலைவி பெயரும் அதுவே.

பாரிஸைச் சார்ந்த ராபர்ட் பிகே, ரெனுவார் என்னும் இரு நிறுவனங்கள் இம்முயற்சிக்குத் துணைநின்றன. பிகே என்பார் செல்வ மாதர்க்கு ஆடை வகுத்த வித்தகர். கிறிஸ்டியன் டியோரும் ஒருகால் அவரிடம் பணிபுரிந்தவரே. 1948இல் பிகே நிறுவனம் வெளியிட்ட 'ஃபிராக்கா' என்னும் வாசனை, நம் மாலைகளில் ஏறும் சம்பங்கியின் மணத்தாற் புகழ்பெற்றது. மலர் நமக்கும் உண்டு. மணத்தைப் புட்டியில் அடைத்து உலகுக்கு விற்கும் வித்தையே அவர்களிடம் இருந்தது. அவ்வித்தையை இங்குக் கொணர்தலே லாக்மேயின் நோக்கம்.

இனி நம் எல்லைப்புறத்துக்கு வருவோம். 1984இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி 'டைட்டன்' நிறுவனத்தைத் தோற்றுவித்தன. அதனை முன்னின்று நடத்தியவர் ஸெர்க்ஸஸ் தேசாய். குழுமத் தலைமை அப்பொழுதும் ஜே. ஆர். டி.யிடமே இருந்தது. அந்நாளில் தர்மபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஓசூரிலே கடிகாரத் தொழிற்சாலை எழுந்தது. பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்து இளைஞரும் பெண்களும் மயிரிழை பிசகாத நுண்தொழிலை அங்குக் கற்றனர். 2013இல் அந்நிறுவனம் 'ஸ்கின்' என்னும் வாசனைத் திரவியத்தையும் வெளியிட்டது. அதனைக் காண ஜே. ஆர். டி. இருந்திலர். 1992இல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், 1993ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் ஜெனீவாவில் உயிர்நீத்தார். பிறந்த பாரிஸ் நகரிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

தொடக்கத்து வினாவுக்கு விடை யாது? வாசனைப் புட்டி ஏழையின் பசியைத் தீர்ப்பதன்று. அதனை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும் செல்வர் ஆடம்பரப் பொருளை எவ்வாறேனும் வாங்குவர். அதனைச் செய்யும் கை எவருடையது, அதனால் எவர் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதையே ஜே. ஆர். டி. நோக்கினார். பம்பாயில் 1941இல் திறந்த புற்றுநோய் மருத்துவமனையும், 1945இல் தோன்றிய ஆராய்ச்சி நிலையமும் டாட்டா அறநிதியங்களின் கொடையால் எழுந்தவை என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும். ஈட்டிய வழி மட்டுமன்று, ஈட்டியது சென்ற வழியும் ஒருவர் வாழ்வை அளக்கும் கோலாகும். தொழிற்சாலைகளை நாடிச் செல்லவிருக்கும் நம் மாணாக்கர் அக்கோலைத் தம் கையிலும் ஏந்துவாராக.