அல்சைமர் கைக்கொண்ட நிதானம்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய நகரிலும், கிண்ணியா, மூதூரிலும் மறதி நோயுற்ற முதியோரை வீட்டிலேயே பராமரிப்போர் உளர். நள்ளிரவில் முதியவர் கூச்சலிட்டு வெளியேற முற்படுகையில், உறக்க மாத்திரையே ஒரே வழியெனத் தோன்றுகிறது. மறதி நோய்களுள் முதன்மையானதற்குத் தம் பெயரைத் தந்த வைத்தியரின் வாழ்வு இங்கு நினைக்கத்தக்கது.

அலோய்ஸ் அல்சைமர் 1864 இல் ஜேர்மனியில் பிறந்தார். 1888 இல் பிராங்பேர்ட் மனநோய் வைத்தியசாலையில் இணைந்தார். மனநோயாளரைக் கட்டிவைத்தல் அரிதல்லாத அக்காலத்தில், தலைமை வைத்தியர் எமில் சியோலியுடன் சேர்ந்து அதனைத் தவிர்க்கப் பாடுபட்டார். அமைதியிழந்தோரை நெடுநேரம் இளஞ்சூட்டு நீரில் இருத்தி ஆற்றுவது அவர்தம் முறையாயிற்று. 1901 இல், 51 வயதான ஔகுஸ்தே டெட்டர் அங்கு அனுமதிக்கப்பட்டார். அப்பெண்மணியுடன் பொறுமையாக உரையாடி, மறுமொழிகளை அல்சைமர் குறித்துவைத்தார். 1906 இல் டெட்டர் மறைந்தபின் அவரது மூளையை ஆராய்ந்து, நோயை உலகறியச் செய்தார். 1910 இல் எமில் கிரெப்பலின் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். 1915 இல் அல்சைமரும் தமது 51 ஆவது வயதிலேயே காலமானார்.

அவருக்குப் பின் மருந்துகள் பல வந்தன. எனினும், கிளர்ச்சியைத் தணிக்கக் கொடுக்கப்படும் மனநோய் மருந்துகள் சில, மறதி நோயுற்ற முதியோரின் மரண அபாயத்தைக் கூட்டுவதாக 2005 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஆகவே வலி, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், அச்சம் ஆகியவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும். மருந்து இன்றியமையாததாயின், வைத்தியரின் மேற்பார்வையில், குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கே அமைதல் நன்று. கொடுத்துவரும் மருந்தைத் தாமாக நிறுத்துவதும் தகாது.

முதுமையெய்திய பெற்றோரிடம் சலிப்பைக் காட்டலாகாது என்பது இஸ்லாம் வலியுறுத்தும் நெறி. தமிழர் மரபும் அதுவே. மாத்திரையை நாடுமுன் முதியவரின் துன்பத்தைக் கேட்டறிதல் அந்நெறியின் முதற்படியாகும்.